மேசைக்கு அடியில் இருந்தவை: ஒரு மாதிரி ரயில் அமைப்பின் கலைப்பும் மீட்பும்

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) 20ஆம் எண் கட்டடம் இடிக்கப்பட்டது. அதற்குள் குடியிருந்த ஆய்வகங்கள் தத்தம் கருவிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு வேறு கட்டடங்களுக்குச் சென்றன. ஆனால் ஒரு குடியிருப்பாளருக்கு மட்டும் இடப்பெயர்ச்சி அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1946இல் தொடங்கப்பட்ட டெக் மாடல் ரெயில்ரோடு கிளப் என்னும் மாணவர் மன்றம், ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அங்கே ஒரு மாதிரி ரயில் உலகத்தைக் கட்டி வளர்த்திருந்தது. மலை, ஊர், பாலம், நிலையம், அவற்றினூடே ஓடும் தண்டவாளம் என்று ஓர் அறை முழுவதும் பரவியிருந்த அந்த அமைப்பைப் பெட்டியில் அடுக்க முடியாது. அதைக் கலைத்தாக வேண்டும். கலைத்தால் எவை கிடைக்கும், எவை போகும் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

இக்கேள்வி மாதிரி ரயில் கட்டுவோர் அனைவரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்வது. வீடு மாறும்போதும், வாடகை அறையைக் காலி செய்யும்போதும், கட்டியவர் மறைந்த பின்னரும் அது எழுகிறது. ஆனால் 20ஆம் கட்டடத்து மன்றத்தைப் பொறுத்தவரை அது கணினி வரலாற்றோடும், எதிர்பாராத வகையில் மொழியியலோடும் தொடர்புடைய கேள்வியாக அமைந்துவிட்டது. அந்த ரயில் அமைப்பே பிறர் கைவிட்ட பொருள்களை மீட்டெடுத்துக் கட்டப்பட்டது என்பதும், அது கலைந்த பின்னும் அதிலிருந்து உலகெங்கும் பரவி நிலைத்தவை சில சொற்களே என்பதும் அதற்குக் காரணங்கள்.

முதலில் இத்தகைய அமைப்பின் உடற்கூறு. அடியில் மரச்சட்டம். அதன்மேல் பலகை. பலகைமேல் தண்டவாளமும் அதன் இருபுறமும் பசையிட்டு ஒட்டப்பட்ட சரளையும். மலைகள் பெரும்பாலும் கம்பிவலைமேலோ, தாள் நனைத்த பிளாஸ்டராலோ உருவாக்கப்படுபவை. பலகைக்குக் கீழே மின்கம்பிகள், சுவிட்சுகள், தடம் மாற்றும் இடங்களை இயக்கும் சிறு மின்விசைகள். எஞ்சினும் பெட்டியும் தண்டவாளத்தின்மேல் வெறுமனே நிற்பவை, கையால் எடுத்துவிடலாம். நீரில் கரையும் பசையால் ஒட்டிய சரளையை நீர் தெளித்து இளக்கினால் தண்டவாளத்தின் ஒரு பகுதியைச் சேதமின்றிப் பெயர்க்கலாம். திருகாணியால் இணைத்த மரம் மரமாகவே திரும்பக் கிடைக்கும், ஆணியடித்துப் பசையிட்ட மரம் விறகாகத்தான் கிடைக்கும். பிளாஸ்டர் மலையோ எவ்வகையிலும் மீளாது. அது பிறந்த இடத்திலேயே உடைந்து முடியும்.

ஆகவே எது மீட்கப்படும் என்பது கலைக்கும் நாளில் தீர்மானமாவதில்லை. எது எதனோடு எவ்வாறு இணைக்கப்பட்டது என்பதிலேயே அது முன்கூட்டித் தீர்மானமாகிவிடுகிறது. ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் 1960களில் பரப்பிய எல்-கர்டர் என்னும் சட்ட அமைப்பு இந்த அறிவின் மேல் எழுந்ததே. அதில் திருகாணிகள் அனைத்தும் அடிப்புறத்திலிருந்து இறுக்கப்படும். மேலே நிலக்காட்சி முழுமையடைந்த பின்னரும் கீழிருந்து சட்டத்தைத் தளர்த்தலாம், மாற்றலாம், பின்னொரு நாள் பிரித்து வேறிடத்தில் பயன்படுத்தலாம். பிற்காலக் கலைப்பைக் கட்டும்போதே கணக்கில் கொள்ளும் முறை அது.

இனி, மன்றம் குடியிருந்த கட்டடம். 20ஆம் கட்டடமே மிச்சத்திலிருந்து வாழ்ந்த ஒன்று. இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் ஆய்வுக்காக 1943இல் அவசரமாக எழுப்பப்பட்ட மூன்றடுக்கு மரக்கட்டடம் அது. போர் முடிந்து ஆறு மாதத்துக்குள் இடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, தற்காலிகக் கட்டடம் என்ற பெயரில், தீத்தடுப்பு விதிகளிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. போர் முடிந்தது, கட்டடம் இடியவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் நின்றது. வேறெங்கும் இடம் கிடைக்காத துறைகளும் திட்டங்களும் மன்றங்களும் அங்கே அனுப்பப்பட்டன. எப்படியும் இடிக்கப்படவிருந்த கட்டடம் என்பதால் அதன் சுவரில் துளையிடவோ கூரை வழியே கம்பி இழுக்கவோ எவரும் அனுமதி கேட்கவில்லை. ஜெரால்டு சக்கரையாஸ் அணுக் கடிகார ஆய்வுக்காகத் தளங்களையே வெட்டித் திறந்தார்.

அக்கட்டடத்தின் குடியிருப்பாளர்களில் மொழியியலாளர்களும் அடங்குவர். 1951இல் எம்.ஐ.டி.க்கு வந்த மாரிஸ் ஹாலியும், 1955இல் விக்டர் இங்வேயின் இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியே வந்த நோம் சாம்ஸ்கியும், போர்க்கால ரேடார் ஆய்வகத்தின் வாரிசாக உருவான மின்னணுவியல் ஆய்வகத்தின் நிழலில் அங்கே பணியாற்றினர். ஆக்கமுறை இலக்கணம் என்று பின்னாளில் உலகறிந்த மரபு முதிர்ந்ததும், மாணவர்கள் குப்புறப் படுத்து ரயில்மேசைக்கு அடியில் கம்பி பற்றவைத்ததும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தவை. ஒன்று மற்றொன்றைப் பாதித்தது என்று சொல்ல இடமில்லை. ஆனால் இரண்டுக்கும் இடமளித்தது எவரும் உரிமை கொண்டாடாத ஒரு கைவிடப்பட்ட பொருள் என்பது உண்மை.

மன்றத்துக்குள் இருவகை உறுப்பினர்கள் இருந்ததை ஸ்டீவன் லெவி 1984இல் வெளிவந்த ‘ஹேக்கர்ஸ்’ நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஒரு சாரார் மேசைக்கு மேலே வாழ்ந்தவர்கள். குறிப்பிட்ட காலத்து எஞ்சினை அதன் நிறமும் எழுத்தும் பிசகாமல் செய்வது, மலைக்கு உயிரூட்டுவது அவர்களுடைய ஈடுபாடு. மற்றொரு சாரார் மேசைக்கு அடியில் வாழ்ந்தவர்கள். சமிக்ஞை, மின்சாரம் ஆகியவற்றுக்கான துணைக்குழு என்பது அவர்களின் முறையான பெயர். அவர்கள் கட்டியதை எல்லோரும் ‘சிஸ்டம்’ என்றே அழைத்தனர்.

அந்தச் சிஸ்டத்தின் பொருள்கள் தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வந்தவை. தொலைபேசிக் கருவிகளைத் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் கல்லூரிகளுக்குக் கருவிகளை அன்பளிப்பாக வழங்கும் ஒரு திட்டத்தை வைத்திருந்தது. மன்றத்தின் ஆசிரிய ஆலோசகரே வளாகத் தொலைபேசி அமைப்புக்கும் பொறுப்பாளராக இருந்தமையால், ரிலேக்களும் கிராஸ்பார் சுவிட்சுகளும் ஸ்டெப்பிங் சுவிட்சுகளும் மன்றத்துக்கு வந்து சேர்ந்தன.

இக்கருவிகள் ரயிலுக்குப் பொருந்தியது தற்செயலன்று. மாதிரி ரயிலில் தண்டவாளம் பல கட்டங்களாக மின்தொடர்பு துண்டித்துப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே நேரத்தில் பல ரயில்களைப் பலர் ஓட்ட வேண்டுமானால், ஒவ்வோர் ஓட்டுநரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் அவருடைய ரயில் நிற்கும் கட்டத்தோடு மட்டும் இணைக்க வேண்டும். ரயில் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தால் இணைப்பும் நகர வேண்டும், பிறர் இணைப்போடு அது மோதவும் கூடாது. தொலைபேசி இணைப்பகம் செய்வதும் இதையேதான். பல அழைப்பாளர்கள், பல தடங்கள், ஒருவர் பேசும் தடம் மற்றவர்க்குப் போகாமை. ஆகவே மாணவர்கள் தொலைபேசியின் எண்வட்டைச் சுழற்றித் தாங்கள் விரும்பும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ரிலேக்கள் சடசடவென ஒலித்து இணைப்பைக் கொடுத்தன. 1960களின் தொடக்கத்தில் அந்த அமைப்பில் ஏறத்தாழ 1200 ரிலேக்கள் இருந்தன. குரல்களைச் சேர்த்துவைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் ரயில்களைப் பிரித்துவைக்கப் பயன்பட்டது. இங்கே பொருளோடு அதற்குள் உறைந்திருந்த ஒரு தருக்கமும் சேர்ந்து மீட்கப்பட்டது.

இத்தகைய செயலைச் சிந்தித்தவர்கள் இருவரை இங்கே நினைவுகூரலாம். மானிடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளியிட்ட நூலில், கைக்குக் கிடைத்த ஓட்டை உடைசல்களைக் கொண்டு வேண்டியதைச் செய்துகொள்ளும் கைவினைஞரைப் பொறியாளருக்கு எதிர்முனையில் நிறுத்தினார். பொறியாளர் திட்டத்துக்கேற்பப் பொருளைத் தேடுவார், கைவினைஞரோ பொருளுக்கேற்பத் திட்டத்தை வளைப்பார் என்பது அவ்வேறுபாட்டின் சாரம். வரலாற்று மொழியியலாளர் ரோஜர் லாஸ் 1990இல் எழுதிய கட்டுரை இன்னும் நேரடியானது. உடைசலைக் கொண்டு காரியம் செய்வது எப்படி என்னும் பொருளில் அதன் தலைப்பே அமைந்திருந்தது. ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் வர்பாவும் 1982இல் உயிரியலில் முன்வைத்த எக்ஸாப்டேஷன் என்னும் கருத்தை, அதாவது ஒரு பணிக்காக உருவான உறுப்பு வேறொரு பணிக்கு மாறுவதை, அவர் மொழிக்குக் கொண்டுவந்தார்.

ஒரு மொழியில் ஓர் இலக்கண வேறுபாடு அழிந்துவிட்டால், அதைக் காட்டிவந்த உருபுகளின் கதி என்ன? லாஸ் மூன்று வழிகளைக் கூறினார். அவை முற்றாக வீசப்படலாம். பயனற்ற எச்சமாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது முற்றிலும் வேறொரு பணிக்கு எடுத்துக்கொள்ளப்படலாம். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் பெயரடை விகுதி. டச்சு மொழியில் பால், எண் முதலியவற்றைச் சார்ந்து வந்த அவ்விகுதி, ஆப்பிரிக்கான்ஸில் பால் வேறுபாடு அழிந்தபின் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. பெயரடைகளை அவற்றின் உருவமைப்புக்கேற்ப இரு வகுப்பாகப் பிரிக்கும் புதிய வேலையை ஏற்றுக்கொண்டது.

வீச்சு, எச்சம், மறுபணி என்னும் இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மன்றத்தின் வரலாற்றைப் பார்த்தால், மறுபணி ஒரே ஒருமுறை நிகழ்ந்ததன்று, சங்கிலியாகத் தொடர்ந்தது என்பது புலப்படும். மன்றத்து மாணவர்கள் முதன்முதலில் தாராளமாகக் கைவைத்துப் பழகிய கணினி டி.எக்ஸ்-0. லிங்கன் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட அக்கணினியின் பெரிய காந்த நினைவகம் கழற்றப்பட்டு அடுத்த கணினியான டி.எக்ஸ்-2க்குப் பொருத்தப்பட்டது. 65,536 சொற்கள் கொண்ட நினைவகத்தை இழந்து 4,096 சொற்களோடு எஞ்சிய உடலே 1958இல் எம்.ஐ.டி. வளாகத்துக்குக் கடனாக வந்தது. மன்றத்தின் முன்னாள் உறுப்பினர் ஜாக் டெனிஸ் அதை மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். நினைவகம் சிறுத்ததால் முகவரிக்குத் தேவையான இருமைக் கூறுகளும் குறைந்தன. மிச்சமான கூறுகள் கட்டளைகளுக்குக் கிடைத்தன, கட்டளைத் தொகுதி விரிந்தது. இழப்பே இடமாயிற்று.

அடுத்து வந்தது பி.டி.பி-1. டி.ஈ.சி. நிறுவனம் 1961இல் எம்.ஐ.டி.க்கு அதை அன்பளிப்பாகத் தந்தது. அதில்தான் 1962இல் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை எழுதினர். இரண்டு விண்கலங்கள் திரையில் ஒன்றையொன்று சுடும் அவ்விளையாட்டை முதலில் கணினியின் முகப்பிலிருந்த சுவிட்சுகளைத் தட்டியே ஆட வேண்டியிருந்தது. முழங்கை வலித்தது, திரைக்கு அருகில் அமர்ந்தவருக்குக் கூடுதல் வாய்ப்பும் இருந்தது. ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் மன்றத்தின் அறைக்குச் சென்றனர். அங்கே கிடந்த மரம், கம்பி, பேக்கலைட், சுவிட்சுகள் ஆகியவற்றைக் கொண்டு கையில் வைத்து ஆடும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தனர். இன்று கோடிக்கணக்கானோர் கையில் இருக்கும் கேம் கண்ட்ரோலரின் மூதாதை என்று அடிக்கடி சுட்டப்படும் அப்பெட்டி, மாதிரி ரயிலின் தட்டுமுட்டுச் சாமான்களிலிருந்து பிறந்தது. தொலைபேசியிலிருந்து ரயிலுக்கும், ரயில் அறையிலிருந்து கணினிக்கும் பொருள்கள் நடந்த பாதை இது.

பொருள்களுக்கு நிகழ்ந்தது சொற்களுக்கும் நிகழ்ந்தது. 1959இல் மன்றத்து உறுப்பினர் பீட்டர் சாம்சன் மன்றத்தின் வழக்குச்சொற்களைத் தொகுத்து ஒரு சிறு அகராதி செய்தார். அதன் பெரும்பகுதி நகைச்சுவை. ஆயினும் ஒரு சிறு பேச்சுக்குழுவின் சொற்றொகுதியை அக்குழுவினரே அக்காலத்திலேயே பதிவு செய்த அரிய ஆவணம் அது. அம்மன்றத்தில் புழங்கிய சொற்களில் கணிசமானவை கழிவையும் பழுதையும் பற்றியவை. ‘கிரஃப்ட்’ என்பது குப்பை, வேண்டாத சேர்மானம். பாழாய்ப்போன கருவி ‘மங்’ ஆனது. வேலை செய்யாத கருவி தோற்றுக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்டது. ஓட்டை உடைசலோடு வாழ்ந்த குழுவுக்கு அதன் வகைகளைப் பிரித்துப் பேசச் சொற்கள் தேவைப்பட்டன.

‘ஹேக்’ என்ற சொல்லும் இங்கே புழங்கியதே. எம்.ஐ.டி.யில் அது மாணவர் குறும்புகளைக் குறித்த சொல். மன்றத்தில் அது பயன் கருதாமல் செய்யும், ஆனால் நுட்பமும் புதுமையும் கூடிய வேலையைக் குறித்தது. தொழில்நுட்பப் பொருளில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய பதிவுகளில் ஒன்று மன்றத்தின் 1955ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பில் உள்ளது. மின்னமைப்பில் வேலை செய்பவர்களும் ‘ஹேக்’ செய்பவர்களும் ஃபியூஸ் போகாமலிருக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும் என்ற வேண்டுகோள்தான் அது. கணினித் திருட்டோடு இன்று செய்தித்தாள்கள் இணைக்கும் ஒரு சொல்லின் தொழில்நுட்ப வாழ்வு, ரயில்மேசைக்கு அடியில் ஃபியூஸ் பற்றிய ஒரு சிறு கவலையில் தென்படுகிறது.

‘ஃபூ’ என்னும் சொல்லின் பயணம் லாஸின் கோட்பாட்டுக்கே எடுத்துக்காட்டாகத் தகும். அதற்குப் பொருள் கிடையாது. 1930களில் பில் ஹோல்மன் வரைந்த ‘ஸ்மோக்கி ஸ்டோவர்’ என்னும் சித்திரத்தொடர் அதைப் பரப்பிய வேடிக்கை ஒலி. மன்ற அறையில் ரயில் மோதப்போகும் வேளையில் அனைத்தையும் நிறுத்துவதற்காக ஆங்காங்கே அவசர சுவிட்சுகள் இருந்தன. யாரேனும் ஒன்றைத் தட்டினால், கடிகாரப் பலகையில் நேரம் நின்று ‘ஃபூ’ என்ற எழுத்துகள் தோன்றின. எனவே அவை ஃபூ சுவிட்சுகள் ஆயின. பின்னர் கணினி நிரல் எழுதுவோர், பெயர் முக்கியமல்லாத எந்த மாறிக்கும் எடுத்துக்காட்டுப் பெயராக அதை வைத்தனர். இணைய நெறிமுறை ஆவணங்களின் வரிசையில் 2001 ஏப்ரல் முதல் நாளில் அச்சொல்லின் பிறப்பாராய்ச்சியே ஓர் எண்ணிட்ட ஆவணமாக வெளியானது. பொருளற்றது என்பதே அதன் தகுதியாயிற்று. எதையும் குறிக்காத சொல்லால்தான் எதையும் குறிக்க முடியும்.

இவ்வளவும் சேர்ந்துதான் 1998ஆம் ஆண்டின் கலைப்பைப் பொருள்பொதிந்ததாக்குகின்றன. எம்.ஐ.டி. அருங்காட்சியகம் இருந்த என்52 கட்டடத்தில் மன்றத்துக்கு இடம் தரப்பட்டது. பழைய ரயில் அமைப்பின் பெரும்பகுதியைப் பெயர்த்துச் செல்ல முடியவில்லை, அது அங்கேயே உடைக்கப்பட்டது. சுவிட்சுக் கருவிகளும் கட்டுப்பாட்டு அமைப்பும் புதிய இடத்துக்குச் சென்றன. அதாவது மேசைக்கு மேலே இருந்தது அழிந்தது, கீழே இருந்தது பிழைத்தது. பிழைத்ததும் நெடுநாள் பணியாற்றவில்லை. நுண்கட்டுப்படுத்திகளும் லினக்ஸ் கணினியும் கொண்டு மன்றத்தார் உருவாக்கிய ‘சிஸ்டம் 3’ தொலைபேசி ரிலேக்களின் இடத்தைப் பிடித்தது. லாஸின் மூன்று வழிகளையும் ஒரே அறையில் காணலாம். மலைகள் வீசப்பட்டன. ரிலேக்கள் முதலில் மறுபணி பெற்றுப் பின்னர் எச்சமாயின. சொற்கள் இன்னும் பணியில் இருக்கின்றன.

மற்றொரு புகழ்பெற்ற அமைப்பின் முடிவோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் ஜான் ஆலன் கட்டிய ‘கோர் அண்டு டஃபெடிட்’ என்னும் மாதிரி ரயில், மேசைக்கு மேலே நிகழும் கலையின் உச்சங்களில் ஒன்று. அவர் முதலில் கட்டிய சிறு அமைப்பைக் கலைத்து எறியவில்லை. பின்னர் கட்டிய பெரிய அமைப்புக்குள்ளேயே அதை ஒரு பகுதியாகப் பதித்துக்கொண்டார். பழையது புதியதற்குள் குடியேறிய மறுபயன்பாடு அது. 1973 ஜனவரியில் ஆலன் மறைந்தார். சில நாள்களிலேயே தீ விபத்தொன்று அமைப்பைப் பெரிதும் அழித்துவிட்டது. ஒளிப்படக் கலைஞரான அவர் தம் அமைப்பை எடுத்த படங்களே இன்று அதன் முதன்மைச் சான்றுகள். மலையைப் பெயர்க்க முடியாது, மலையின் படத்தைப் பெயர்க்கலாம். இங்கும் பிழைத்தது பிரித்தெடுக்கத் தக்க வடிவமே.

இவ்விடத்தில் மீட்பைப் பற்றிய ஓர் எளிய புகழுரையைத் தவிர்க்க வேண்டியுள்ளது. மறுபயன்பாடு நல்லது, சிக்கனமானது, படைப்பூக்கம் மிக்கது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மீட்பு என்பது ஒரு தேர்வும்கூட. மன்றத்தின் வரலாறு இன்று எவ்வாறு சொல்லப்படுகிறது? ஹேக்கர்களின் தொட்டில் என்று. அதாவது மேசைக்கு அடியில் இருந்தவர்களின் வரலாறாக. அவர்களுடைய பொருள் கழற்றத்தக்கது, ஆகவே கணினி அறைக்குச் சென்றது. அவர்களுடைய சொல் தொகுக்கப்பட்டது, ஆகவே அச்சுக்குச் சென்றது. மேசைக்கு மேலே தூரிகையும் கத்தியும் கொண்டு உழைத்தவர்களும் அதே மன்றத்தினர்தாம். எந்த நிறத்தைக் கலந்தால் மழையில் நனைந்த மரப்பாலம் தோன்றும், எவ்வளவு சாய்வில் மலையை இறக்கினால் அது பொம்மையாகத் தெரியாது என்ற அறிவு அவர்கள் கையில் இருந்தது. அந்த அறிவு பிளாஸ்டரோடு இறுகி, பிளாஸ்டரோடு உடைந்தது. அவர்களுடைய பணி தாழ்ந்தது என்பதால் அன்று, பிரியாதது என்பதால் அவர்கள் கதையின் ஓரத்துக்குப் போனார்கள்.

லாஸ் 1997இல் தம் முந்தைய கருத்தைத் திருத்திக்கொண்டது இங்கே துணைபுரிகிறது. மறுபணி பெறும் உருபு முன்னரே உடைசலாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் கைவிட்டார். பணியில் இருக்கும்போதே ஓர் உறுப்பு வேறு பணிக்கும் எடுத்துக்கொள்ளப்படலாம். கிராஸ்பார் சுவிட்சுகள் ரயில் மன்றத்துக்கு வந்த காலத்தில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களில் அதே வகைச் சுவிட்சுகள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. மின்னணு இணைப்பகங்கள் வரத்தொடங்கியது 1965க்குப் பின்னரே. அப்படியானால் உடைசல் என்பது பொருளின் குணமன்று. யார் கையில், எந்த இடத்தில் அது இருக்கிறது என்பதன் பெயர். காயலான் கடைக்காரருக்கு இது தெரியும். கோட்பாட்டாளர்கள் வந்து சேரச் சற்றுக் காலம் பிடித்தது.

தமிழில் இதற்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. யாழிலும் வீணையிலும் அதிரும் கம்பிக்குப் பெயர் தந்தி. கம்பி வழியே செய்தி செல்லும் முறை வந்தபோது அச்சொல் புதிய பணிக்கு அழைக்கப்பட்டது. அப்போதும் வீணையில் தந்தி இருந்தது, சொல் தன் பழைய பணியிலிருந்து ஓய்வுபெறவில்லை. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. கருவிகள் கழற்றப்பட்டன, அலுவலகங்கள் வேறு பயன் கண்டன. சொல்லோ 1942இல் தொடங்கிய ஒரு நாளிதழின் பெயரில் நாள்தோறும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் தந்தி அடித்தவரின் விரல் அறிந்த தாளம் எந்தச் சொல்லிலும் எஞ்சவில்லை. சொல் பிழைத்தது என்பதால் அச்சொல்லுக்குப் பின்னால் இருந்த வேலையும் பிழைத்ததாகக் கொள்வது வரலாற்றெழுத்தில் எளிதில் நேரும் பிழை.

20ஆம் கட்டடம் இருந்த இடத்தில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஸ்டேட்டா மையம் 2004இல் திறக்கப்பட்டது. மொழியியல் துறை இன்று அங்கே இயங்குகிறது, தான் வளர்ந்த மண்ணுக்கே திரும்பியிருக்கிறது. ரயில் மன்றம் திரும்பவில்லை. மொழியியலாளர்களின் பொருள் நூலும் தாளும் கருத்தும். அவை எளிதில் பெயர்பவை. நிலத்தோடு ஒட்டிய உலகத்துக்கு அந்த வசதி இல்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பழைய ஒலியியல் ஆய்வகங்களும் களப்பணி ஒலிநாடாக்களும் அச்சுக்கூடங்களும் கருவி அறைகளும் ஆண்டுதோறும் கழிவு செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் ஏறுகின்றன. ஏலத்துக்கு முன் எடுக்கப்படும் கணக்கில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் மதிப்பும் இருக்கும். எந்தக் கருவி எதனோடு இணைக்கப்பட்டிருந்தது, அதை இயக்கியவர் அதை எப்பெயரால் அழைத்தார், பழுதானால் எங்கே தட்டினார் என்பதற்குப் பட்டியலில் பத்தி இல்லை. மாதிரி ரயிலைக் கலைக்கும் அனுபவசாலிகள் கம்பியை வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டுவார்கள், பிரிப்பதற்கு முன் படம் எடுப்பார்கள். மரமும் தண்டவாளமும் மீண்டும் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவை இணைந்திருந்த விதம் மீண்டும் கிடைக்காது என்பதும் தெரியும். துறைகளைக் கலைப்போரும் கட்டடங்களை இடிப்போரும் அவர்களிடம் கற்க வேண்டியது அந்தச் சீட்டு ஒட்டும் பழக்கத்தைத்தான்.